ஜப்பானிய மொழி கற்க விரும்பும் ஒரு மாணவியும் நம் சங்கத்தின் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக்குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு "கல்வியும் வேலைவாய்ப்பும்" என்பதாகும். இத்தலைப்பில் இம்மேடையில் நாம் பேசுவது இது நான்காவது முறை. முன் மூன்று முறையும் கல்வியே கண் என்றும், அரசுத் தேர்வுகளுக்கு நம் பிள்ளைகள் இன்னும் முனைந்து படிக்க வேண்டும் என்றும் சொல்லி அமர்ந்தோம். நீங்களும் கைதட்டினீர்கள். இம்முறை அவ்வாறு பொதுவாகப் பேச மனம் இடங்கொடுக்கவில்லை. நம் சங்கச் செயலாளரின் பெட்டியில் ஒரு விண்ணப்பம் இரண்டு மாதங்களாக முடிவின்றிக் கிடக்கிறது. அதைப்பற்றி மட்டுமே பேச எண்ணுகிறோம்.

விண்ணப்பித்தவள் நம் பள்ளியில் படித்த பெண். பெயர் இங்கே வேண்டா. நம் தெருவில் யாரென்று தெரியாதவர் இலர். பி.காம். பட்டம் பெற்று ஓராண்டு ஆகிறது. ராஜபாளையத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். விடியற்காலையில் வத்திராயிருப்பில் பேருந்து ஏறிக் கிருஷ்ணன்கோவில், திருவில்லிபுத்தூர் வழியாகப் போய் இரவில் திரும்புகிறாள். தொகுதி நான்கு தேர்வு எழுதியிருக்கிறாள். வங்கித் தேர்வு எழுதியிருக்கிறாள். தனியார் நிறுவனங்களுக்கும் விண்ணப்பித்துக் கொண்டிருக்கிறாள். இத்தனைக்கும் நடுவே, டெல்லியிலுள்ள ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் பி.ஏ. படிக்க விரும்பி, அதற்குரிய பொது நுழைவுத் தேர்வையும் எழுதிவிட்டு வந்து, நம் சங்கத்திடம் கடனுதவி கேட்கிறாள். இலவசமாக அன்று, கடனாகக் கேட்கிறாள். அச்சொல்லை நீங்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

இவளுக்கு ஜப்பானிய மொழி எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் பலர். நாமும் கேட்டோம். தாயார் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் கோன் வைண்டிங் பிரிவில் பணிபுரிந்தவர். நூல் சுற்றும் இயந்திரங்கள் பல ஜப்பானிலிருந்து வந்தவை என்பதை ஆலையில் வேலை செய்தோர் அறிவர். சிறு வயதில் ஒருநாள் தாயுடன் ஆலைக்குச் சென்ற இவள், இயந்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த தகட்டில் கோடும் கட்டமுமாக எழுதியிருந்ததைப் பார்த்து, "என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டாளாம். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த இயந்திரத்தின் முன்னே நின்றவருக்கு அது தெரியாது. மேற்பார்வையாளருக்கும் தெரியாது. இக்கேள்வி அப்படியே பெண்ணின் மனத்தில் தங்கிவிட்டது. கைப்பேசியின் துணைகொண்டு, பேருந்தில் போகும்போதும் வரும்போதும், பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எழுதி எழுதி, அம்மொழியின் இருவகை எழுத்துகளையும் கற்றுவிட்டாள். ஹிரகானா 46, கதகானா 46. அந்த நோட்டை நாம் பார்த்தோம். முன்பக்கம் பற்று வரவு, பின்பக்கம் ஜப்பான்.

அவள் தந்தையார் தென்னந்தோப்புகளில் காய் வெட்டுபவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாயார் சொன்னது இதுதான்: "சார், பிள்ளை வேலையும் தேடட்டும், படிக்கவும் செய்யட்டும். ரெண்டுல ஒண்ண விட்டுரச் சொல்லாதீங்க."

இனி, விண்ணப்பத்திற்கு எழுந்த தடைகளைச் சொல்லுவோம். நம் செயற்குழுவில் மூவர் மறுத்தார்கள். அவர்கள் மூவரும் நம் மக்களின் நலனுக்காகவே வாழ்பவர்கள். ஆதலின் அவர்களுடைய சொல்லை நாம் எளிதாகத் தள்ளவில்லை. முதலாவது, பட்டம் பெற்ற பெண் மீண்டும் முதலாண்டில் போய் உட்காருவதா என்பது. இரண்டாவது, ஜப்பானிய மொழி படித்து வத்திராயிருப்பில் யாரிடம் பேசுவது என்பது. மூன்றாவது, உறுதியான வழி ஒன்று இருக்கும்போது இந்த விளையாட்டு எதற்கு என்பது.

மூன்றாவதைப் பற்றி நாம் பேசியாக வேண்டும். ஏனெனில் அதே சொற்களை நாமே ஒருகாலத்தில் ஒரு மாணவனிடம் சொல்லியிருக்கிறோம். 2006ஆம் ஆண்டு. நாம் அப்போது பட்டதாரி ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன், புதுச்சேரி சென்று பிரெஞ்சு படிக்க விரும்புவதாக வந்து சொன்னான். "உன் வீட்டு நிலைமைக்கு அதெல்லாம் ஆகாது, ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் சேர், இரண்டே ஆண்டில் வேலை" என்று கண்டித்து அனுப்பினோம். சேர்ந்தான். நன்றாகவே தேறினான். அவனைப் போன்றே நாடெங்கும் பல்லாயிரவர் தேறியிருந்தனர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தான். 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 2013இல் அதிலும் தேர்ச்சி பெற்றான். பணி ஆணை மட்டும் வரவில்லை. இன்று தேங்காய் ஏற்றிச் செல்லும் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். நம்மைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்கி வணங்குகிறான். அவ்வணக்கத்தைப் பெறும்போதெல்லாம் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. பிரெஞ்சு படித்திருந்தால் உயர்ந்திருப்பான் என்று நாம் உறுதி கூற முடியாது. ஆனால், உறுதியான வழி என்று நாம் காட்டிய வழி உறுதியாக இல்லை. விருப்பமும் போயிற்று; வேலையும் வரவில்லை.

அரசுத் தேர்வுகளை நாம் குறைத்துச் சொல்லுவதாக யாரும் கொள்ளற்க. அத்தேர்வுகளை இவள் விடப்போவதில்லை. கட்டண விலக்கும் வயது வரம்பில் தளர்வும் நம் பிள்ளைகளுக்கு உண்டு. மூன்று ஆண்டு படித்ததனால் அந்தக் கதவு மூடிவிடாது. தமிழ்நாட்டுத் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கு டெல்லியிலிருந்து வந்து போக ஆகும் இரயில் கட்டணத்தையும் அவள் தன் செலவுக் குறிப்பில் தனி வரியாக எழுதியிருக்கிறாள். இவ்வளவு தெளிவாகக் கணக்கு எழுதும் பெண்ணை விளையாட்டுப் பிள்ளை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

முதலாவது தடைதான் உண்மையில் கடினமானது. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்விக்கான உதவித்தொகை, அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால் 1944இல் தொடங்கியது. நம்மில் பட்டம் பெற்றோருள் பெரும்பாலோர் அதன் நிழலில் படித்தவர்களே, நாமும் அவ்வாறே. ஆனால் அதன் விதிகளில் ஒன்று: ஒரு படிநிலையில் தேறியவர் அதே படிநிலையில் வேறொரு பாடம் படித்தால் உதவித்தொகை இல்லை. பி.ஏ. முடித்துவிட்டு பி.காம். படித்தால் கிடையாது. ஆகவே பி.காம். முடித்த இவளுக்கு ஜப்பானிய பி.ஏ.வுக்குக் கிடையாது. நம் சங்கம் தொடங்கிய காலத்தில் விதிகளை வகுத்தபோது, அரசு விதியையே பார்த்து நாமும் எழுதிக்கொண்டோம். எழுதிய கை நம்முடையதே. எனவே அரசின் கதவு மூடிய அதே இடத்தில் நம் கதவும் மூடுகிறது. அரசுக்குக் கோடிக்கணக்கானோரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு பொது விதி தேவை. ஐந்து தெருக்களின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அறிந்த நமக்கும் அதே விதி எதற்கு?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பதினேழு வயதில் தவறான பாடத்தைத் தேர்ந்தெடுத்தால் இருபது வயதில் திருத்திக்கொள்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு முதல் தேர்வே முடிவான தேர்வு. இவள் பி.காம். சேர்ந்ததும் விரும்பியன்று, அருகிலிருந்த கல்லூரியில் அந்த இடம் கிடைத்தது, சேர்ந்தாள்.

மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சிறியது என்று நினைக்க வேண்டா. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். பிறப்பின் காரணமாக அது மறுக்கப்பட்டது. பாரசீகம் படித்தார். பின்னாளில் தம் முயற்சியாலேயே சமஸ்கிருதம் கற்றார். ஜெர்மன் மொழியும் கற்றார். எந்த மொழி இவனுக்கு, எந்த மொழி இவனுக்கன்று எனப் பிறர் தீர்மானித்த கொடுமையை அனுபவித்தவர் அவர். இன்று அவர் படத்தை மாட்டியிருக்கும் நம் அலுவலகத்தில் அமர்ந்துகொண்டு நாமே அதைத் தீர்மானிக்கலாமா?

இனி அம்மொழியைப் பற்றிச் சிறிது சொல்லுவோம். நாம் ஜப்பானியம் அறிந்தவர் அல்லோம். அந்தப் பெண் எடுத்துக் காட்டியதையும், அதன்பின் நாம் நூலகத்தில் தேடிப் படித்ததையும் கொண்டு சொல்லுகிறோம்.

ஜப்பானிய நெடுங்கணக்கு அ, இ, உ, எ, ஒ என்று தொடங்குகிறது. அடுத்து க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ எனச் செல்கிறது. நம் பிள்ளைகள் அரிச்சுவடியில் படிக்கும் வரிசையை இது ஒத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பௌத்தத் துறவிகள் இந்திய எழுத்துமுறையைக் கற்று அங்கே கொண்டுசென்ற ஒலி வரிசை அது. சொற்றொடரில் வினைமுற்று நம்மைப் போன்றே இறுதியில் வரும். வேற்றுமை உருபு நம்மைப் போன்றே பெயருக்குப் பின்னால் ஒட்டும். பள்ளி என்பதற்கு அவர்கள் சொல் "கக்கோ". "நி" என்பது நம் நான்காம் வேற்றுமையின் "கு" போன்றது. "கக்கோ நி" என்றால் பள்ளிக்கு. ஆங்கிலத்தில் "டு ஸ்கூல்" என முன்னும் பின்னும் மாறித் திணறும் நம் ஆறாம் வகுப்பு மாணவனுக்கு இது எவ்வளவு எளிது!

இன்னும் ஒன்று நம்மை வியக்க வைத்தது. எழுதி வை, சாப்பிட்டுப் பார் என்கிறோம். எழுதுவதோடு வைப்பது ஏன் வந்தது, சாப்பிடுவதோடு பார்ப்பது ஏன் வந்தது என்று ஆங்கிலேயனுக்கு விளக்குவதற்குள் பொழுது விடிந்துவிடும். ஜப்பானியர் "கய்த்தெ ஒக்கு" என்கிறார்கள். முன்னது எழுதி, பின்னது வை. "தபெத்தெ மிரு" என்கிறார்கள். முன்னது தின்று, பின்னது பார். இலக்கணத் துணைவினை அப்படியே அமைந்திருக்கிறது.

சுட்டுச் சொற்களைப் பாருங்கள். கொரெ, ஸொரெ, அரெ, டொரெ. இது, உது, அது, எது. ஆங்கிலத்திற்கு இது, அது என இரண்டே உண்டு. கேட்பவனுக்கு அருகில் இருப்பதைக் குறிக்க ஜப்பானியத்தில் "ஸொரெ" இருக்கிறது. நம்மிடம் "உது" இருந்தது; யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சில் வழங்குகிறது; நாம் இலக்கண நூலில் விட்டுவிட்டோம். "சார், உதுங்கிற சொல்லை நீங்க எட்டாம் வகுப்புல நடத்தினப்ப எதுக்குன்னு புரியல. இப்பத்தான் புரியுது" என்றாள் அந்தப் பெண். ஆசிரியர்க்கு இதைவிட வேறென்ன ஊதியம்?

இந்த ஒப்புமையைக் கேட்டவுடன், தமிழிலிருந்தே ஜப்பானியம் பிறந்தது என்று மேடையில் முழங்கும் நண்பர்கள் சிலர் நம்மிடையே உண்டு. சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேரறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று நீண்டகாலம் ஆராய்ந்து எழுதினார். மொழியியலாளருள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நாம் அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையோம் அல்லோம். தாயோ மகளோ, யாராயினும் ஆகுக. அமைப்பு ஒத்திருப்பதனால் நம் பிள்ளைக்குக் கற்பது எளிது என்பதே நமக்கு வேண்டியது.

எளிது என்றோமே, ஒரு பாதிதான் எளிது. காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகள் இருக்கின்றன. பொதுப் பயன்பாட்டிற்கென அந்நாட்டு அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 எழுத்துகள். ஜப்பானியக் குழந்தை ஆறாண்டுத் தொடக்கக் கல்வியில் 1,026 எழுத்துகளைக் கற்கிறது. நம் காஞ்சிபுரத்தின் பெயரைக் கேட்டு மகிழ்ந்து ஏமாற வேண்டா. அது வேறு, இது வேறு.

இதைவிட நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. ஜப்பானிய மொழியின் தொடக்கப் பாடநூல்களில் முதலில் கற்பிக்கப்படும் வினைவடிவம் மரியாதை வடிவமாகும். "தெஸ்" என்றும் "மஸ்" என்றும் முடியும். முன்பின் அறியாத எவரிடமும் அந்த வடிவில்தான் பேச வேண்டும். பெயருக்குப் பின்னால் "சான்" சேர்க்க வேண்டும். நெருங்கியோரிடம் பேசும் எளிய வடிவம் பிற்பாடே வருகிறது. நம் தந்தையார் அறுபது வயதில் தோப்பில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது, நில உடைமையாளர் வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் வரப்பில் நின்று "ஏலே, தண்ணியத் திருப்பு" என்றதை நாம் அருகில் நின்று கேட்டிருக்கிறோம். தந்தையார் "சரிங்க" என்றார். ஒரே மொழி, இரண்டு வினைமுற்று. ஒரு மொழியின் முதற்பாடமே எதிரில் நிற்பவரை மதிப்பதாக இருப்பது நமக்குப் புதியதாக இருந்தது.

இதனால் ஜப்பான் சமத்துவத்தின் பொன்னுலகம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அம்மொழியிலும் மேலவர்க்கு உயர்த்திப் பேசவும் தன்னைத் தாழ்த்திப் பேசவும் பல படிகள் உண்டு. மொழியில் மட்டுமன்று; சமூகத்திலும் இருந்தது, இருக்கிறது. இதைத்தான் இன்று உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

ஜப்பானில் "புராக்கு" மக்கள் என்று ஒரு பிரிவினர் இருக்கின்றனர். நிறத்தாலோ மொழியாலோ மதத்தாலோ மற்ற ஜப்பானியரிடமிருந்து வேறுபட்டவர் அல்லர். அவர்தம் முன்னோர் இறந்த விலங்குகளை அகற்றினர், தோல் பதனிட்டனர். அதனால் தீட்டுடையோர் என ஒதுக்கப்பட்டனர். தனி இடத்தில் குடியிருத்தப்பட்டனர். "புராக்கு" என்ற சொல்லின் பொருள் என்ன தெரியுமா? சிற்றூர், குடியிருப்பு, அவ்வளவே. நம் "சேரி" என்ற சொல்லும் சங்க காலத்தில் சேர்ந்து வாழும் இடம் என்றே பொருள்பட்டது; சோழர் காலத்துப் பிராமண ஊர்களிலும் சேரிகள் இருந்தன. இருவேறு கடற்கரைகளில், ஒரே வகையான குற்றமற்ற சொல், ஒரே வகையில் வசைச்சொல்லாயிற்று.

1871இல் அரசாணை ஒன்று அவர்களை விடுவித்தது. ஆணை விடுவித்தது, அண்டை வீட்டார் விடுவிக்கவில்லை. 1906இல் ஷிமசாக்கி தோசோன் என்ற எழுத்தாளர் "ஹகாய்" என்ற நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் ஒரு பள்ளி ஆசிரியன். "நீ யாரென்று எவரிடமும் சொல்லாதே" என்பது தந்தையின் கட்டளை. மறைத்து மறைத்து வாழ்ந்து, முடிவில் தன் மாணவர்கள் முன்னிலையில் மண்டியிட்டு உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். எதற்காக மன்னிப்பு என்று புராக்கு மக்களிலேயே பலர் பின்னர் கேட்டனர்; நியாயமான கேள்வி. நாமும் முதன்முதல் ஒரு வெளியூரில் பணியேற்றபோது, வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் ஊரைச் சொல்லித் தெருவைச் சொல்லாமல் நின்றதுண்டு. அந்த நாவலின் கதையைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

1922 மார்ச் 3ஆம் நாள் கியோட்டோ நகரில் புராக்கு மக்கள் ஒன்றுகூடி சுய்ஹெய்ஷா என்ற இயக்கத்தைத் தோற்றுவித்தனர். நீர்மட்டம்போல் அனைவரும் சமம் என்பது பெயரின் கருத்து. அம்மக்களின் போராட்டங்களில் ஒன்றை இந்தக் கல்விச் சங்கம் கட்டாயம் அறிய வேண்டும். 1961இல் கோச்சி நகரின் நகஹாமா பகுதியில், புராக்குத் தாய்மார்கள் பாடநூல்களை விலைகொடுத்து வாங்க மறுத்தனர். கட்டாயக் கல்வி என்று அரசியல் சட்டம் சொல்லுமாயின் புத்தகம் ஏன் காசுக்கு என்று கேட்டனர். இக்கேள்வியே நாடு முழுவதும் பரவி இயக்கமாயிற்று. அடுத்த ஈராண்டுகளுக்குள் பாடநூல்களை இலவசமாக வழங்கச் சட்டங்கள் வந்தன. இன்று ஜப்பானில் கட்டாயக் கல்வி பயிலும் குழந்தை அனைத்திற்கும், செல்வர் வீட்டுக் குழந்தை உட்பட, விலையில்லாப் பாடநூல் கிடைக்கிறது.

வேலை தேடும் இடத்திலும் அவர்கள் போராடினர். விண்ணப்பத்தில் பூர்வீக ஊரையும் குடும்பப் பதிவேட்டையும் கேட்டே ஒதுக்கி வந்தனர். 1973இல் பள்ளி முடித்து வேலை தேடும் மாணவர்க்கு நாடு முழுமைக்கும் ஒரே விண்ணப்பப் படிவம் வந்தது. பிறப்பைத் துப்பறியும் வினாக்கள் நீக்கப்பட்டன. அதன் பின்னும் என்ன நடந்தது? 1975இல், புராக்குக் குடியிருப்புகளின் பெயர்களைத் தொகுத்த நூல் ஒன்று கமுக்கமாக அச்சிடப்பட்டு, நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது அம்பலமாயிற்று. ஊர்ப் பெயரைப் பார்த்து ஆளைத் தள்ளுவதற்கு ஒரு புத்தகம்! நேர்முகத் தேர்வில் "வத்திராயிருப்பில் எந்தத் தெரு?" என்று கேட்கப்பட்ட நம் பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் புத்தகம் எப்படிப்பட்டது என்று நாம் விளக்க வேண்டியதில்லை. 2016இல்தான் புராக்குப் பாகுபாட்டை ஒழிப்பதற்கெனத் தனிச் சட்டம் அங்கே வந்தது.

இச்செய்திகள் நமக்கு ஆங்கிலம் வழியாகக் கிடைத்த துளிகள். மூலத்தைப் படித்து நேரே நம்மிடம் சொல்ல நம்மில் ஒருவர் வேண்டாமா? ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து நம்மைப் படித்துவிட்டுப் போயிருக்கிறாரே! நொபொரு கராஷிமா என்ற வரலாற்றறிஞர் 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். தமிழ் கற்றார், சோழர் கல்வெட்டுகளைப் படித்தார். 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவரே. 2015இல் மறைந்தார். தஞ்சைக் கல்வெட்டுகளில் வரும் தீண்டாச்சேரி, பறைச்சேரி என்ற சொற்களை ஆராய்ந்து, தமிழகத்தில் தீண்டாமையின் பழமையைப் பற்றி எழுதியவர் அவர். டோக்கியோவில் பிறந்த ஒருவர் நம் சேரியைக் கல்லில் தேடிப் படித்தார். நம் சேரியில் பிறந்த பெண் அவர் மொழியைப் படிக்கப் போனால் பயன் என்ன என்று கேட்கிறோம்.

பயன் என்று கேட்டவர்கள் ஊதியத்தைத்தான் கேட்டார்கள் என்பது தெரியும். அதற்கும் விடை சொல்லுவோம், மிகைப்படுத்தாமல் சொல்லுவோம். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்று ஒன்று உண்டு. ஐந்து நிலைகள், என்-5 தொடக்கம், என்-1 உச்சம். ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னை முதலிய நகரங்களில் நடைபெறுகிறது. ஐந்தாம் நிலைச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டா. மொழிபெயர்ப்பு, நிறுவனங்களில் இருமொழித் தொடர்புப் பணி இவற்றிற்கு மூன்றாம் நிலையோ இரண்டாம் நிலையோ எட்ட வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பல இருக்கின்றன. அங்கே கணக்கும் அறிந்து ஜப்பானியமும் அறிந்தவர் கிடைப்பது அரிது. இவளுடைய பி.காம். அப்போது வீணாகாது, அதுவே இவளுக்குக் கூடுதல் கை.

வேறொரு வழியும் உண்டு. ஜப்பானில் மக்கள் தொகை குறைந்துகொண்டே வருகிறது. நூற்றுக்கு 29 பேருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர். எனவே 2019 ஏப்ரல் முதல் குறிப்பிட்ட திறனுடைய தொழிலாளர்க்கெனத் தனி நுழைவு இசைவு வழங்குகிறார்கள். முதியோர் பராமரிப்பு, வேளாண்மை, கட்டுமானம், உணவுத் தயாரிப்பு போன்ற துறைகளில், நான்காம் நிலை மொழியறிவும் தொழில் தேர்வும் இருந்தால் ஐந்தாண்டு வரை பணிபுரியலாம். முதல் வகை இசைவில் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல இயலாது. இந்தியாவோடு இதற்கான உடன்பாடு 2021 ஜனவரியில் கையெழுத்தாயிற்று. 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும், ஐந்தாண்டில் திறன்பெற்ற இந்தியர் 50,000 பேர் ஜப்பான் செல்ல வழிசெய்வதாக அறிவித்தன.

இந்த அறிவிப்பு வந்தவுடன் நம் பக்கத்திலும் தரகர்கள் தோன்றிவிட்டார்கள். நம் பள்ளி மாணவன் ஒருவனின் தந்தை, ஜப்பான் வேலை என்று நம்பி, மாட்டை விற்றும் வட்டிக்கு வாங்கியும் 2 இலட்சம் கொடுத்துவிட்டு இன்று வாசலில் உட்கார்ந்திருக்கிறார். இளைஞர்களே, கேளுங்கள்: நடுவண் அரசில் பதிவு பெற்ற முகவர், பணியாளரிடம் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. அதற்குமேல் கேட்பவர் யாராயினும் எழுந்து வந்துவிடுங்கள். முகவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பார்க்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள், நாம் பார்த்துச் சொல்லுகிறோம். மொழி தெரியாமல் போகிறவன் தரகனின் வாயை நம்பித்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மொழி தெரிந்தவள் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவாள்.

டெல்லியில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்றும் கேட்டார்கள். அதையும் அவளே எழுதியிருக்கிறாள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பட்டதாரிகளுக்கென ஓராண்டு முழுநேரப் பட்டயப் படிப்பு உண்டு. சாந்திநிகேதனில் தாகூரின் விசுவபாரதியில் ஜப்பானியம் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகிறது. எதுவும் அமையாவிட்டால், சென்னையில் ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியோர் அமைத்த ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் நிறுவனத்தின் வகுப்பில் சேர்ந்து, சென்னையிலேயே வேலை தேடிக்கொள்வதாகக் குறித்திருக்கிறாள். எப்படியாயினும் படிப்பையும் வேலை தேடலையும் ஒருசேர நடத்துவாள். பேருந்தில் நடத்தியவள்தானே.

அவள் கேட்பது 48,000 ரூபாய். இரயில் கட்டணம், விடுதி கிடைக்கும் வரை மூன்று மாத உணவு, டெல்லிக் குளிருக்குக் கம்பளி, டிசம்பர் மாதத் திறன் தேர்வுக் கட்டணம், தேர்வாணையத் தேர்வுக்கு இரண்டு முறை ஊர் வந்து திரும்பும் செலவு. பல்கலைக்கழகக் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயே ஆகையால் அதை அவளே கட்டிக்கொள்வாள். வேலை கிடைத்த ஆறாம் மாதத்திலிருந்து தவணையாகத் திருப்புவதாக எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறாள். தமிழில் ஒரு கையெழுத்து. அதன் கீழே கதகானாவில் ஒன்று. செயற்குழுவில் ஒருவர் இரண்டாவதைக் கண்டு சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்குழு கூடுகிறது. "முதற் பட்டப் படிப்புக்கு மட்டும்" என்ற சொற்களை நம் விதியிலிருந்து நீக்கவேண்டும் என்ற தீர்மானத்தை நாம் முன்மொழியவிருக்கிறோம். அவ்விதியை எழுதியவர் என்ற முறையில் அதை நீக்கக் கோருவதும் நம் பொறுப்பே. தீர்மானம் தோற்றாலும் அந்தப் பெண் போவாள்; கடைக்காரரிடம் முன்பணம் கேட்டிருக்கிறாள் என்று அறிந்தோம். வட்டி எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை. காலை பத்து மணிக்குக் கூட்டம். மறுத்த மூவரும் தவறாமல் வரவேண்டும், வந்து இன்னும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணையும் வரச் சொல்லியிருக்கிறோம். நோட்டை எடுத்துக்கொண்டு வருவாள்.